பிரசவ வலி தொடங்குவதில் அழற்சிக்கு என்ன பங்கு?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. உடலின் பாதுகாப்புச் செல்கள் இன்டர்லூக்கின் போன்ற வேதிச் செய்திகளை அனுப்பிப் பக்கத்துச் செல்களை உசுப்பிவிடுகின்றன. பேறுகாலம் நெருங்கும்போது கருப்பையிலும் பனிக்குடச் சவ்விலும் ஏறக்குறைய இதே செய்திகள்தான் பரவுகின்றன.

அவை போய்ச் சேரும் இடம் நொதிகள். காக்ஸ்-2 என்ற நொதி கூடுகிறது. அது கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிப்பதில் முக்கியமானது. கூடவே, அந்தப் புரோஸ்டாகிளாண்டினைச் செயலிழக்கச் செய்யும் இன்னொரு நொதி குறைகிறது. தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் இருக்கும் ஓட்டையையும் அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் மளமளவென்று ஏறும். இங்கேயும் அதே கதைதான். எனக்கு இதில் அந்த அடைப்பு வேலைதான் அழகாகப் படுகிறது.

அப்புறம், கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை வெட்டும் நொதிகளும் கிளம்புகின்றன. மூக்கு நுனிபோல் விறைப்பாக இருந்த கருப்பை வாய் உதடுபோல் மெத்தென்று ஆவதில் இவற்றுக்கும் பங்குண்டு. வலி வராதவர்களுக்கு மருத்துவமனையில் 'ஜெல் வைப்பது' பெரும்பாலும் இந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் காக்ஸ் நொதியைத் தடுப்பவை; கர்ப்பகாலத்தில் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

சரி, அழற்சி என்றாலே கிருமித்தொற்று என்று பலர் பயப்படுகிறார்கள். தொற்று இதே பாதையைத் தூண்டிக் குறைப்பிரசவத்தில் முடியலாம் என்பது உண்மை, ஆனால் நிறைமாதப் பிரசவத்தில் கிருமி எதுவும் இல்லாமலேயே இந்த அழற்சி நடக்கும்.