மூணு நாடு, மூணு சாவு

வாசகி கடிதம்:

வணக்கம் சார். எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். டிசர்டேஷனுக்கு மாடர்னிசம் (இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்து புதுமை இலக்கியம்) எடுத்திருக்கேன். கைடு மேடம் "ஜாய்ஸ், வுல்ஃப், ஃபாக்னர் மூணு பேர்கிட்டயும் ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸ்"னு (மனசோட்டத்த அப்படியே எழுதற உத்தி) தலைப்பு குடுத்தாங்க. கட்டுரைகள் படிக்கப் படிக்க மூணு பேரும் ஒரே ஆள் மாதிரி தெரியறாங்க, எதை வெச்சு ஒப்பிடறதுன்னே புரியல. எங்க சிலபஸ்ல பிரிட்டிஷ் ஒரு பேப்பர், அமெரிக்கன் ஒரு பேப்பர், ஜாய்ஸ் பிரிட்டிஷ்லதான் இருக்கார், அது சரியா? எலியட் எந்தப் பக்கம்? இன்னொண்ணு, ஜாய்ஸோட யுலிசஸ் நாவல் மூணாவது சாப்டரோட நின்னுபோச்சு. பேர் போட வேண்டாம் சார்.

பதில்:

வணக்கம்மா. எலியட்ட முதல்ல முடிச்சுடலாம், அது சின்ன விஷயம். 1888-ல செயின்ட் லூயிஸ்ல பொறந்து, 1914-ல இங்கிலாந்து வந்து, 1927-ல பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர். 1922-ல அவரோட வேஸ்ட் லேண்ட் கவிதை வந்தப்ப லண்டன்ல பேங்க் வேலை பாத்துட்டிருந்த அமெரிக்கர், அந்தக் கவிதைய வெட்டிச் சுருக்கிக் குடுத்தது இன்னொரு அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட், அதே பவுண்ட்தான் 1913 கடைசில ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் பேச்சக் கேட்டு ட்ரியெஸ்ட்ல இருந்த ஜாய்ஸுக்கு லெட்டர் போட்டு அவர் நாவல லண்டன் பத்திரிகைல தொடரா வர வெச்சதும். யுலிசஸ் நியூயார்க் பத்திரிகைல தொடரா வந்து, ஆபாசம்னு 1921-ல கோர்ட் அபராதம் போட்டு, கடைசில 1922 பிப்ரவரி 2 பாரிஸ்ல புத்தகக்கடை வெச்சிருந்த சில்வியா பீச்ங்கற அமெரிக்கப் பொண்ணு புத்தகமா போட்டாங்க. இதுல யார் எந்த பேப்பர்னு சிலபஸ் கமிட்டிதான் சொல்லணும்.

ஜாய்ஸ மட்டும் தயவுசெஞ்சு பிரிட்டிஷ்னு எழுதாதீங்க. இத்தனைக்கும் மனுஷன் சாகற வரைக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் வெச்சிருந்தார், ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கோங்கன்னு சொல்லியும் வாங்கல. பாஸ்போர்ட்ட வெச்சு எழுத்தாளர் நாட்டக் கண்டுபுடிக்க முடியாதுங்கறதுக்கு அவரே போதும். பின்ன எதுல தெரியும்னா, ஒரே விஷயத்தக் குடுத்தா யார் என்ன பண்றாங்கங்கறதுல தெரியும்.

உங்க தலைப்போட சிக்கலே அங்கதான். மனசுக்குள்ள ஓடறத அப்படியே எழுதறது இந்த மூணு பேர் கண்டுபுடிச்சதும் இல்ல, டாரதி ரிச்சர்ட்சன் 1915-லயே நாவல்ல பண்ணிட்டாங்க. டெக்னிக்கை மட்டும் எடுத்து வெச்சா எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிவாங்க. டெக்னிக் இருக்கட்டும், அதுக்கு ஒரு வேலை குடுங்க. நான் சொல்றது சாவு. யுலிசஸ்ல ஆறாவது சாப்டர், வுல்ஃபோட டூ த லைட்ஹவுஸ்ல நடுப்பகுதி, ஃபாக்னரோட ஆஸ் ஐ லே டையிங் முழுசா. இவ்வளவு போதும், மத்த எதையும் தொட வேண்டாம்.

ஜாய்ஸ்ல என்ன நடக்குது? 1904 ஜூன் 16, காலைல பதினொரு மணிக்கு பாடி டிக்னம்ங்கற ஆளோட அடக்கம். குதிரை வண்டில நாலு பேர் டப்ளின குறுக்கால கடந்து க்ளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்துக்குப் போறாங்க, நம்மூர்ல எடுப்புக்குப் போற வேன்ல உக்காந்துட்டு பேசுவாங்களே அதே மாதிரி ஊர் வம்பு, ஜோக்கு, திடீர்னு ஒரு மௌனம். நாவலோட நாயகன் ப்ளூம் சாவு ஊர்வலத்துக்கு தனி ட்ராம் விடலாமேங்கறார், மனசுக்குள்ள கல்லறைல ஃபோன் வெச்சா என்னன்னு ஐடியா ஓடுது. வண்டில ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கறதுதான் குடும்பத்துக்கே பெரிய அவமானம்ங்கறார். ப்ளூமோட அப்பா விஷம் குடிச்சு செத்தவர். இன்னொருத்தருக்கு அது தெரியும், நாம இரக்கத்தோட பாக்கணும்னு சமாளிக்கறார். ப்ளூம் வாயத் தொறக்கல. நாவல் அவர் தலைக்குள்ளதான் இருக்கு, ஆனா வலிக்கறது தலைக்கு வெளிய வண்டிக்குள்ள நடக்கற பேச்சால. இன்னொண்ணு பாருங்க, வண்டில ஏறறப்பவே மத்தவங்க சைமன், மார்ட்டின்னு கூப்பிட்டுக்கறாங்க, இவர மட்டும் ப்ளூம்னு குடும்பப் பேர சொல்லி. யூத அப்பாவுக்குப் பொறந்தவர், கூட உக்காந்திருந்தாலும் கூட இல்ல. அடக்கம் முடிஞ்சு அப்படியே ஐரிஷ் அரசியல் தலைவர் பார்னெல் கல்லறை பக்கம் போறாங்க, சவப்பொட்டில வெறும் கல்லுதான் இருக்கு, தலைவர் ஒருநாள் திரும்பி வருவார்னு ஜனங்க பேசிக்கறதா ஒருத்தர் சொல்றார். அயர்லாந்துல சாவுக்குப் போனா அரசியல் கூடவே வந்துடும்.

வுல்ஃப்ல சாவு எங்கன்னு தேடணும். மிஸஸ் ராம்சே நூறு பக்கத்துக்கு மேல நாவலயே தாங்கிட்டு நின்னவங்க, அவங்க செத்தது சதுர அடைப்புக்குறிக்குள்ள ஒரே வாக்கியத்துல வருது, அதுவும் புருஷன் இருட்டு நடைல கைய நீட்டறார், கைல யாரும் இல்லங்கற வாக்கியத்துல நடுவுல ஒரு துண்டா. மக பிரசவத்துல போறதும், மகன் பிரான்ஸ்ல குண்டு விழுந்து சாகறதும் அதே மாதிரி அடைப்புக்குள்ள. அடைப்புக்கு வெளிய காலி வீடு, தூசி, காத்து, பெருக்க வர மிஸஸ் மெக்நாப். அடக்கமும் இல்ல ஊர்வலமும் இல்ல, மனசோட்டம்கூட பெருசா இல்ல பாருங்க, மனுஷ மனசே இல்லாத வீட்ட எழுதியிருக்காங்க! வுல்ஃபோட அம்மா செத்தது 1895 மே 5, நாவல் வெளியானது 1927 மே 5. அவ்வளவு சொந்தமான துக்கத்த அடைப்புக்குறிக்குள்ள போட்டு மூடறது அந்த மாதிரி மேல்தட்டு இங்கிலீஷ் வீட்டுப் பழக்கம்னு நான் நெனைக்கறேன், வுல்ஃப் அந்தப் பழக்கத்தையே டெக்னிக்கா ஆக்கிட்டாங்க.

ஃபாக்னர் இதுக்கு நேர் எதிர். 1930-ல வந்தது, மிசிசிப்பி பல்கலைக்கழக பவர் ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் பாத்துட்டே எழுதினது. அடி பன்ட்ரன்ங்கற அம்மா சாகறதுக்கு முன்னாடியே ஜன்னலுக்கு வெளிய பெரிய மகன் அவங்களுக்கு சவப்பொட்டி செய்யற சத்தம் கேக்குது, ஏன் இப்படி இழைச்சேன்னு அவன் பதிமூணு காரணம் நம்பர் போட்டு சொல்றான், அவனோட துக்கமே அவ்வளவுதான், தச்சு வேலை. அப்புறம் ஜூலை வெயில்ல வண்டில பொணத்த வெச்சுகிட்டு அடக்கம் பண்ண ஜெஃபர்சன்ங்கற ஊருக்கு, ஆத்து வெள்ளம், மேல வட்டமடிக்கற கழுகு, பதினஞ்சு பேர் மாத்தி மாத்தி பேசறாங்க, செத்தவளும் ஒரு தடவ பேசிடறா. எல்லாம் முடிஞ்சு அப்பன்காரன் புதுப் பல்செட்டும் புதுப் பொண்டாட்டியுமா வந்து நிக்கறான். படிச்சுட்டு சிரிச்சேன், அப்புறம் சிரிச்சதுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஜாய்ஸ் வண்டில ஊரே இருக்கு, வுல்ஃப்ல வீடு இருக்கு, இங்க ஏழைக் குடும்பமும் நாறுற உடம்பும் நாட்டு ரோடும்தான், துணைக்கு ஒரு பாரம்பரியமும் கிடையாது.

இப்ப உங்க கைடுக்கும் பிடிக்கற மாதிரி ஒண்ணு. ஜாய்ஸோட அந்த சாப்டர் ஹோமரோட ஒடிசில பதினோராவது காண்டம், செத்தவங்க உலகத்துக்குப் போறது. ஃபாக்னர் தலைப்பும் அதே காண்டத்துல செத்துப்போன ராஜா அகமெம்னான் பேசற பேச்சுலேருந்துதான். பவுண்டோட காண்டோஸ்ங்கற நீண்ட கவிதைல முதல் பாட்டும் அதே காண்டம்தான். ஒரு ஐரிஷ்காரர், ரெண்டு அமெரிக்கர், மூணு பேரும் ஒரே குழிலேருந்து எடுத்திருக்காங்க. கிரேக்கம் ஒழுங்கா படிச்ச வுல்ஃப் அங்க போகவே இல்ல. ஏன்? தொட்டுக்க சொந்த மரபு இருந்ததாலயா, இல்ல அந்த மரபு ஆம்பளைங்க கேம்பிரிட்ஜ்ல வாங்கின சரக்குங்கற கடுப்பாலயா? எனக்கு ரெண்டாவது பக்கம் சாய்வு. ஆனா அவங்களே யுலிசஸ பத்தி 1922 டைரில, ஏதோ சொந்தமா படிச்ச தொழிலாளி எழுதின புத்தகம்ங்கற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. ஜாய்ஸ் டப்ளின்ல காலேஜ் டிகிரி வாங்கினவர், அண்ணனும் தம்பியும் கேம்பிரிட்ஜ் போக, போகாதது வுல்ஃப்தான்! இத வெச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம், வர்க்கமும் காலனியும் எங்க வந்து இடிக்குதுன்னு.

யுலிசஸ்ல மூணாவதுல நின்னது உங்க தப்பில்ல, பாதிப் பேர் அந்த சாப்டர் நடக்கற கடற்கரைலதான் மாட்டுவாங்க. அத விட்டுட்டு நாலாவதுல ஏறுங்க, ப்ளூம் பூனைக்கு பால் ஊத்திட்டு கறி வாங்க கடைக்குப் போறார், அப்புறம் ஆறு. வாய்விட்டு படிங்க, யார் பேசறாங்க யார் நெனைக்கறாங்கன்னு காதுக்குப் புரியும். உரைநூல் ரெண்டாவது தடவைக்கு போதும்.

தலைப்ப மாத்தணும்னு கைடு மேடம்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அதே தலைப்பு இருக்கட்டும், கீழ "மரணக் காட்சிகளை முன்வைத்து"ன்னு ஒரு வரி சேக்க முடியுமான்னு கேளுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலன்னா அத முதல் அத்தியாயமா வெச்சுடுங்க.