நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன மூதாதையரை இணையத்தில் கேட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கொள்ளுத்தாத்தாவின் தம்பி ‘கரும்பு வெட்ட ஆப்பிரிக்கா போனார்’ என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வம்சாவளி தேடுகிறவர்கள் கூடும் இணையப் பலகைகளில் எழுதிப் போட்டால் பலன் இருக்குமா?

இருக்கும். ஆனால் நான் முதல்முறை எழுதியதைப் போல எழுதினால் இருக்காது.

எங்கள் ஊர் போளூர் பக்கம். என் தாத்தாவின் பெரியப்பா தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போய்விட்டார் என்று ஆயா சொல்லுவார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரே ஒரு கடுதாசி வந்ததாம். அதையும் கரையான் தின்றுவிட்டது. 2011இல் ஆர்வக் கோளாறில் ஒரு பலகையில் போய், ‘என் மூதாதை முனுசாமி நேட்டால் போனார், யாருக்காவது தெரியுமா?’ என்று எழுதினேன். ஏழு மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எட்டாவது மாதம் ஒருவர் எட்டிப் பார்த்து, ‘எந்த முனுசாமி?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அப்போது கோபம் வந்தது. பிறகு கப்பல் பட்டியல்களைப் பார்த்தபோதுதான் அவர் கேட்டது எவ்வளவு நியாயம் என்று புரிந்தது. முனுசாமிகள் பக்கம் பக்கமாக வருகிறார்கள்.

நேட்டாலுக்குப் போனவர்கள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது முதல், 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. ‘கொலோனியல் நம்பர்’ என்பார்கள். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். டர்பனில், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணியோடு, அதாவது ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவரோடு, போனவர்களுக்கு இப்படி ஓர் எண்வரிசை கிடையாது, பாவம். அவர்கள் வீட்டார் தேடுவது இதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

சரி, பட்டியல்தான் இருக்கிறதே, பலகை எதற்கு? பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அந்தக் கால குமாஸ்தா காதில் விழுந்ததை அவன் பழகிய முறையில் ஆங்கிலத்தில் எழுதினான். நுங்கம்பாக்கத்தையே ‘நுங்கும்பாகும்’ என்று படிக்கும்படி எழுதிய காலம். ‘யு’ என்ற எழுத்து வரும் இடத்தில் அகரத்தைப் போட்டுப் படித்தால் பாதி ஊர்ப் பெயர்கள் தாமாகத் திறந்துகொள்ளும். ‘முங்குலும்’ என்று முடிந்தால் அது மங்கலம். டர்பனில் நாலு தலைமுறையாக ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவருக்கு இது எப்படித் தெரியும்? நமக்கோ இதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஆனால் நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். ‘உம்லாசியில் போனார்’ என்று ஒரு குறிப்பைப் பார்த்து, அது அவர் வேலை பார்த்த ஊர் என்று நான் ஒரு வருஷம் வரைபடத்தைத் துழாவினேன். உம்லாசி, உம்சிண்டோ, உம்வோட்டி எல்லாம் நேட்டாலில் உள்ள இடங்களின் பெயர்தான், ஆனால் அதே பெயர்களில் கப்பல்களும் ஓடின என்று ஒரு டர்பன்காரர்தான் சொன்னார். அவர் சிரித்தது திரையிலேயே கேட்டது.

இன்னொன்றும் அவர் சொன்னார். 1866இலிருந்து 1874 வரை நேட்டாலுக்கு ஆள் ஏற்றுவது நின்றுபோயிருந்தது. ஆகவே வீட்டில் யாராவது ‘1870 வாக்கில் போனார்’ என்று அடித்துச் சொன்னால், ஒன்று வருஷம் தப்பு, அல்லது தேசம் தப்பு. மொரீஷியஸா என்று பாருங்கள்.

ஜில்லா விஷயத்திலும் கவனம் வேண்டும். அன்றைய வடாற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அன்று வடாற்காட்டில் இருந்த எங்கள் போளூர் இன்று திருவண்ணாமலை மாவட்டம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ‘வடாற்காடு’ என்ற மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடி, அது இல்லை என்றதும் சோர்ந்துபோவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் நான் பலகைகளில் அதிகம் செய்வது இந்த வேலைதான். அவர்கள் பட்டியலிலிருந்து தாலுகாவையும் ஊரையும் போடுவார்கள், நான் இன்ன ஊராக இருக்கலாம் என்று சொல்வேன். நாலு பேருக்குச் சொன்னால் ஒருவராவது நம் கேள்வியையும் பார்ப்பார். சொந்தத் தேடலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என் இரண்டாவது பதிவை 2014இல் எழுதினேன். தலைப்பிலேயே பெயர், தகப்பன் பெயர், போளூர் தாலுகா, 1885–1900 என்று போட்டேன். உள்ளே ஊர்ப் பெயரை ஆறு விதமான எழுத்துக்கூட்டலில் எழுதினேன், யாராவது தேடினால் ஏதாவது ஒன்றில் சிக்கட்டும் என்று. குலதெய்வம் கெங்கையம்மன் என்றும் சேர்த்தேன். சாதியை எழுதவா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பட்டியலில் அந்தக் கட்டம் இருக்கிறது, தேடுகிறவர்களுக்கு அது உதவவும் செய்கிறது. ஆனால் கப்பலேறும்போதே மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அங்கே குடும்பப் பெயராகிவிட்ட மூட்லி (நம் முதலி), பிள்ளை, நாயுடு, கவெண்டர் (நம் கவுண்டர்) எல்லாவற்றையும் அப்படியே நம்பி ஒரு முடிவுக்கு வரவும் முடியாது. கடைசியில் பொதுவில் எழுதவில்லை. கேட்டவருக்குத் தனிமடலில் சொன்னேன்.

பதில் வர ஒன்றரை வருஷம் ஆனது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு அம்மா எழுதினார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் முனுசாமி, தகப்பன் பெயரும் ஒன்று, தாலுகாவும் ஒன்று. ஊர்ப் பெயர் நான் எழுதிய ஆறில் நான்காவதோடு ஒத்துப்போனது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாட்டியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு ‘ஆயா’ என்று எழுதினார். ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்களாம்; அதற்கு அங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்று பெயர். அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் ‘கிடைத்துவிட்டார்’ என்று நான் சொல்லமாட்டேன். பட்டியலில் உள்ள வயது எங்கள் கணக்கைவிடப் பத்து குறைவு. அடையாளம் ‘இடது முழங்காலில் தழும்பு’ என்றிருக்கிறது. ஆயாவோ நெற்றியில் மாடு முட்டிய தழும்பு என்பார். ஆயா அவரைப் பார்த்ததே இல்லை, வாக்கப்பட்டு வந்த வீட்டில் கேட்ட கதை. எதை நம்புவது?

இந்தச் சந்தேகத்தை நான் பலகையில் கேள்விக்குறியோடுதான் எழுதினேன். யாரோ அதை எடுத்து, கேள்விக்குறியை மட்டும் விட்டுவிட்டு, ஒரு வம்சாவளித் தளத்தில் மரமாக ஏற்றிவிட்டார். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் ஏற்றினார்கள். இப்போது என் ஊகத்துக்கு நான்கு இடத்தில் ‘ஆதாரம்’ இருக்கிறது. திருத்தச் சொல்லி எழுதிய மடலுக்கு ஒருவர்தான் பதில் போட்டார். அதனால் நீங்கள் எதையாவது பார்த்தால், அதை எழுதியவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவர் அநேகமாக வேறொரு மரத்தைப் பார்த்து எழுதியவர்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எதையும் பொதுவில் போடாதீர்கள்; வங்கிக்காரர் கேட்கும் கேள்விகளும் இவைதான். இன்னொன்று, புதிதாக எழுதுவதற்கு முன் பழைய பதிவுகளைத் தேடுங்கள். ரூட்ஸ்வெப் என்ற வம்சாவளித் தளத்தின் மடல் குழுக்கள் 2020இல் புது மடல்களை நிறுத்திவிட்டன, பழையவை படிக்க மட்டும் என்று வைத்தார்கள். இம்மாதிரி இடங்களில் கண்ணில் படுவதை உடனே நகலெடுத்து வையுங்கள். எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளில் பாதி செத்துப்போயிருக்கும்.

எங்கள் விஷயத்தில் அடுத்து வேண்டியது அந்த முனுசாமியின் மகனுடைய திருமணப் பதிவு. அதில் தகப்பனின் எண் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. சாட்ஸ்வொர்த் அம்மா விண்ணப்பம் போட்டிருக்கிறார். வந்ததும் இந்தப் பதிலைத் திருத்துகிறேன். நீங்கள் அதற்குள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தத் தம்பியின் தகப்பன் பெயரையும் அன்றைய தாலுகாவையும் கேட்டு இங்கேயே கீழே எழுதுங்கள். வடாற்காடு என்றால் நானே பார்க்கிறேன்.