கரண்ட் கட் அன்னிக்கு கிளஸ்டரை எப்படி நிறுத்தறது?

கேள்வி: ஆபீஸ்ல மூணு நோடு ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் (மூணு சர்வர் சேர்ந்து விஎம், அதாவது வர்ச்சுவல் மெஷின், ஓட்டறது), செஃப் ஸ்டோரேஜ் (எல்லா நோடோட டிஸ்க்கையும் ஒண்ணா சேர்த்து டேட்டா வைக்கிறது). ஞாயித்துக்கிழமை பூரா கரண்ட் இருக்காதாம். எப்படி சார் ஆஃப் பண்றது?

பதில்: முதல்ல விஎம் எல்லாத்தையும் ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுங்க, எச்ஏ (நின்னுபோன விஎம்ம தானா திரும்ப கிளப்பற வசதி) போட்டிருந்தா அதுல ஸ்டாப்டுன்னு மாத்திடுங்க, இல்லேன்னா நீங்க உள்ளேருந்து நிறுத்த நிறுத்த அது எழுப்பி விட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் 'செஃப் ஓஎஸ்டி செட் நோஅவுட்'னு கமாண்ட் குடுங்க, டிஸ்க் காணோம்னாலும் அதை ஒதுக்கிடாதேன்னு செஃப்கிட்ட சொல்றது. இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஒரு டிஸ்க்கை 10 நிமிஷம் காணோம்னா செஃப் பதறிப்போய் டேட்டாவ வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ண ஆரம்பிச்சிடும். அதுக்கப்புறம் நோடுங்கள ஒண்ணொண்ணா நிறுத்தலாம்.

திரும்ப போடும்போது நெட்வொர்க் சுவிட்ச் முதல்ல, பிறகு மூணு நோடும் சேர்த்து. ஒண்ணு மட்டும் வந்தா கோரம் (பாதிக்கு மேல நோடு இருக்கணும்கிற கணக்கு) இல்லேன்னு முரண்டு பிடிக்கும், ரெண்டாவது வேணும். செஃப் ஸ்டேட்டஸ்ல நோஅவுட் வார்னிங் மட்டும் மிச்சமிருந்தா அதை எடுத்துட்டு (இதைத்தான் பாதிப்பேர் மறக்கறாங்க) விஎம்ம கிளப்புங்க, டேட்டாபேஸ் முதல்ல.