மார்பிளைத் தள்ளுங்கள், லைட்டுக்குச் செலவழியுங்கள்

கேள்வி: சென்னை பள்ளிக்கரணையில் 1,350 சதுர அடியில் மூன்று படுக்கையறை ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். ஏழாவது மாடி, மிவான் கட்டுமானம் (செங்கல் இல்லாமல் அச்சில் ஊற்றிய கான்கிரீட் சுவர்கள்), சீலிங் உயரம் ஒன்பதரை அடி. நாங்கள் இருவர், 6, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், 72 வயதில் மாமியார். ‘ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கணும்’ என்கிறார் கணவர். இன்டீரியர்காரர் தந்த கொட்டேஷனில் ஹாலுக்கு இத்தாலியன் மார்பிள், எல்லா அறைகளுக்கும் ஃபால்ஸ் சீலிங், டி.வி. சுவருக்கு ஃப்ளூட்டட் பேனல் (வரிவரியாகப் பள்ளம் உள்ள பலகை), கிச்சனுக்குக் கறுப்பு அக்ரிலிக் என்று இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?
- வாசகி, சென்னை

பதில்: முதல் வேலையாக மார்பிளைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். பில்டர் போட்ட டைல்ஸ் மேலேயே பதித்துவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள். 40 மி.மீ. கலவை, அதற்கு மேல் 18 மி.மீ. கல் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 130 கிலோ. 250 சதுர அடி ஹாலில் 3 டன் ஏறும். வீட்டுத் தளத்தில் ஆட்களுக்கும் சாமான்களுக்குமாக ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி கணக்கில் எடுப்பதே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கேட்காமல் ஏற்றுகிற பாரம் இல்லை இது. போதாததற்கு, எலுமிச்சையோ ரசமோ சிந்தினால் மார்பிளின் பாலிஷ் அரித்து வெளிறிய வட்டம் விழும். துடைத்தால் போகாது, திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும்.

தரையை மாற்றியே ஆக வேண்டுமென்றால் 800×1600 மி.மீ. அளவில், 9 மி.மீ. கனமுள்ள போர்சலைன் டைல்ஸ் வாங்குங்கள். பழைய டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வருவதைப் பெயர்த்துச் சரிசெய்துவிட்டு, அதன் மேல் டைல் அட்ஹெசிவால் ஒட்டலாம். தரை 15 மி.மீ. அளவுதான் உயரும், கதவுகளின் அடியை இழைத்தால் போதும். பால்கனி ஸ்லைடிங் கதவின் ட்ராக் மட்டும் இடிக்குமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். மாமியார் நடக்கும் வீடு, ஆகவே கிளாஸி வேண்டாம், மேட் ஃபினிஷ். 2 மி.மீ. இடைவெளியில் டைல்ஸ் நிறத்திலேயே எபாக்சி கிரவுட் (இடைவெளியை அடைக்கும் ரெசின் பூச்சு) கொடுத்தால் தரை ஒரே கல்போலத் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்கை முழுக்கப் போட்டால் ஆறு அங்குலம் போய்விடும். மார்பிளும் சேர்ந்திருந்தால் உங்கள் ஒன்பதரை அடி எட்டே முக்காலுக்கு வந்திருக்கும்! ஹாலிலும் பெரிய படுக்கையறையிலும் சுவரோரமாக மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜிப்சம் போர்டு ஓட்டுங்கள். நடுவில் தளம் அப்படியே இருக்கட்டும். ஃபேன் தளத்துக் கொக்கியில்தான் தொங்க வேண்டும், ஜிப்சம் அந்த எடையைத் தாங்காது. மற்ற அறைகளுக்குப் பெயின்ட் போதும்.

மிச்சமாகிற பணத்தை லைட்டில் போடுங்கள். ஹோட்டல் லாபி ‘ரிச்’சாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்), கிச்சன் மேடைக்கும் படிப்பு மேசைக்கும் 4000 (வெள்ளை வெளிச்சம்). சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90-க்குக் குறையாதது கேளுங்கள். குறைந்தால் மரமும் துணியும் சோகையாகத் தெரியும். ஜிப்சம் ஓரத்தில் மறைத்து வைக்கும் கோவ் லைட்டின் விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஒன்றரை அங்குலம் விட்டு முடித்துவிடுவார்கள். வெளிச்சம் பரவாமல் கோடு மாதிரி எரியும். அதற்கான எல்.இ.டி. ஸ்ட்ரிப் 24 வோல்ட்டாக இருக்கட்டும், 12 வோல்ட் ஸ்ட்ரிப் நீளமாகப் போனால் கடைசியில் மங்கும். அலுமினியம் ப்ரொஃபைலுக்குள் வைத்தால் சூடு இறங்கும், ஆயுசும் கூடும். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். முதலில் பழுதாவது அதுதான். ஜிப்சத்துக்குள் புதைத்தால் சீலிங்கை வெட்ட வேண்டிவரும். கோவ், ஸ்பாட், ஸ்டாண்ட் விளக்கு மூன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச். எல்லாம் ஒரே ஸ்விட்சில் எரிந்தால் ஷோரூம்தான்.

வயரிங் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மிவான் வீட்டில் சுவர்களே கான்கிரீட்; கட்டடத்தின் பாரத்தை அவைதான் தாங்குகின்றன. வயருக்காகக் கட்டர் வைத்துக் காடி (பள்ளம்) வெட்ட விடாதீர்கள். உள்ளிருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் துருப்பிடிக்கும், அசோசியேஷனும் சண்டைக்கு வரும். புது பாயின்ட்டுகளை ஜிப்சத்துக்குள்ளோ பேனலுக்குப் பின்னாலோதான் கொண்டுபோக வேண்டும். டி.வி. சுவருக்குப் பேனல் அடிக்க நியாயமான காரணம் இது ஒன்றே. ஆனால் ஃப்ளூட்டட் வேண்டாம்: பள்ளத்துக்குப் பள்ளம் தூசி, 6 வயதுப் பிள்ளையின் கிரேயான் வேறு. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சமதளமான வெனீர் (மெல்லிய மரத்தோல் ஒட்டிய) பேனல் அடித்து, பின்னால் வயர் பைப் ஓட்டுங்கள். அதே மர நிறம்தான் வீடு முழுவதும். கைப்பிடி, குழாய், விளக்கு எல்லா உலோகத்துக்கும் ஒரே நிறம். குழாயில் மட்டும் கறுப்பைத் தவிருங்கள். போர்த் தண்ணீரின் உப்பு அதில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

கறுப்பு அக்ரிலிக் கிச்சன் படத்துக்குத்தான் அழகு. விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே தெரியும், கீறலும் விழும். 1 மி.மீ. மேட் லேமினேட் போதும். பெட்டிகளுக்கு பி.டபிள்யூ.பி. தரம் (கொதிநீரையும் தாங்குவது), அதாவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. பிளை. கொட்டேஷனில் ‘18 எம்.எம். பிளை’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மூன்று அங்குலத் துண்டு ஒன்றை வாங்கி நான்கு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். 710 தரம் 72 மணி நேரக் கொதிப்புக்கே தாங்க வேண்டும். மட்டமான பிளை அந்த நான்கு மணி நேரத்துக்குள்ளேயே அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேடைக்கு கிரானைட். குவார்ட்ஸில் ரெசின் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் வெளிறிப்போகும், விரிசலும் விடலாம்.

சோஃபா வாங்கும்போது மாமியாரையும் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். இப்போது வரும் மாடர்ன் சோஃபாக்கள் 14, 15 அங்குல உயரம். அவரால் கை ஊன்றாமல் எழ முடியாது. 17 முதல் 18 அங்குலம் பாருங்கள். லெதரெட் வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். கழற்றித் துவைக்கிற உறை போட்ட துணி சோஃபாவே உங்களுக்குச் சரி.

குறைந்த செலவில் ஹோட்டல் தோற்றம் தருவது கர்ட்டன். ஜன்னல் அளவுக்கு நிறுத்தாமல் சீலிங்கிலிருந்து தரை வரை விடுங்கள். ஜன்னல் அகலத்தைப்போல இரண்டரை மடங்கு துணி, உள்ளே ஷீர் எனும் மெல்லிய, ஒளி ஊடுருவும் துணி. இரண்டு ட்ராக்குக்குச் சீலிங் ஓரத்தில் எட்டு அங்குல அகலப் பள்ளம் வேண்டும் என்பதை ஜிப்சம் வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

வேலை வரிசை: ஏ.சி. பைப், வயரிங், ஜிப்சம், பெயின்ட் முதல் கோட், அப்புறம் மரவேலை. ஜிப்சத்தை மூடுவதற்கு முன், ஏ.சி. தண்ணீர்க் குழாயில் ஒரு குடம் ஊற்றிச் சரிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அளவு டேப்பை விரித்துப் பிடித்து எல்லா வயர் ஓட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பத்து சதவீதப் பணத்தை, வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.