மருந்து மாறிவிட்டதா, மாற்றிவிட்டோமா?

அவசர சிகிச்சைப் பிரிவில் தவறு நேர்ந்தால் அதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் எப்படிச் சொல்வது என்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. செட்டிநாட்டுப் பக்கம் இருந்து வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதி, வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கேட்டவை. மீதி, வராந்தா பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டவை. பெயர் வேண்டாம், ஊர் போதும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது என்று உள்ளே நுழைந்ததுமே சொன்னோம். இரண்டு மணி நேரம் கழித்து அதே வகை ஊசியைப் போட்டார்கள். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, ஐசியூவில் ஓர் இரவு. "மருந்து ஒத்துக்கலை" என்று மட்டும் சொன்னார்கள். இது பொய்தானே?

பொய் என்று சொல்ல மாட்டேன். பொய்யைவிட வசதியான ஒன்று அது. நம் மொழி கொடுக்கிற வசதி. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். "மருந்து மாறிடுச்சு" என்றால் மருந்து தானே எழுந்து நடந்துபோய் மாறிக்கொண்டது போல. "மருந்தை மாத்திட்டோம்" என்றால் செய்த ஆள் தெரிகிறது. மருத்துவமனையில் தவறு நடந்த அன்று எல்லோருக்கும் தன்வினைதான் வாயில் வரும். விட்டுப்போச்சு, லேட்டாயிடுச்சு, இப்படி ஆகிப்போச்சு. இதில் மோசமானது "ஒத்துக்கலை". அது பழியை நோயாளியின் உடம்பின் மேலேயே போட்டுவிடுகிறது.

உங்கள் அப்பா விஷயத்தில் நடந்திருக்கக்கூடியது, டூட்டி மாறும்போது தகவல் கைமாறாமல் போனது. அவசரப் பிரிவில் ஷிஃப்ட் மாறும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்கு எப்போதும் பயம். முதல் டாக்டர் அலர்ஜியைச் சீட்டில் எழுதியிருப்பார், அடுத்தவர் நோயைக் கேட்டுக்கொண்டு சீட்டைப் புரட்டாமல் விட்டிருப்பார். ஆனால் ஊகம் செய்ய வேண்டியது நானும் இல்லை, நீங்களும் இல்லை. சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை. கூடவே தலைமை மருத்துவரிடம் நேரம் கேட்டு, மூன்று கேள்வி மட்டும் வையுங்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து வருகிறவருக்கு நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், முதல் இரண்டுக்கு வந்த பதிலையும் நான் முழுதாக நம்ப மாட்டேன். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் உண்டு. அதற்கு இரண்டு வருடக் கெடு.

காரைக்குடி, பயிற்சி மருத்துவர்: "சாரி சொல்லாதே, கேஸ் ஆகிவிடும்" என்கிறார் சீனியர். சரியா?

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-லேயே, விபத்தில் பாதிக்கப்பட்டவரிடம் ஒருவர் வருத்தம் தெரிவித்ததை அவருக்கு எதிரான சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை.

ஆனால் "சாரி" என்ற சொல்லை வைத்து அலட்சியம் நிரூபணமாவதில்லை. அதே நிலைமையில் சராசரித் திறமையுள்ள இன்னொரு டாக்டர் என்ன செய்திருப்பார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கிறது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: குற்ற வழக்கு என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி முதலில் வேறொரு டாக்டரின் கருத்தையும் வாங்க வேண்டும். இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் டாக்டர்களுக்கு உச்சபட்சம் இரண்டு வருடச் சிறை என்று இருக்கிறது.

சொன்னால் வழக்கு பெருகுமா? மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-லிருந்து தவறுகளைத் தானே முன்வந்து சொல்லி, இழப்பீட்டையும் தானே பேச ஆரம்பித்தது. 2010-ல் வந்த ஆய்வின்படி ஒரு லட்சம் நோயாளி வருகைக்கு 2.13 என்றிருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. இதற்கு ஒளிவுமறைவின்மை ஒன்றே காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் சொன்னதால் வழக்கு குவியவில்லை என்பது தெரிகிறது.

உங்களுக்கு நடைமுறை யோசனை: தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். முதலில் சீனியரிடம் சொல்லுங்கள், இருவருமாகப் போங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். காரணம் இன்னும் தெரியவில்லை என்றால் "பாக்குறோம், நாளைக்குப் பத்து மணிக்கு நானே வந்து சொல்றேன்" என்று சொல்லி, பத்து மணிக்குப் போங்கள். பத்தே காலுக்குப் போனால் அதுவே இரண்டாவது தவறு.

சிவகங்கை, நர்ஸிங் ஆசிரியை: இதற்கெல்லாம் பயிற்சி என்றால் பெரிய ஊரில் வொர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. எங்களால் முடியாது. வேறு வழி?

பணமே வேண்டாம் அம்மா. ஒரு அறை, மூன்று நாற்காலி, நடிக்கத் தெரிந்த ஒரு ஆள்.

1963-லேயே ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நல்ல உடம்புக்காரர்களை நோயாளியாக நடிக்க வைத்து மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019 முதல் பேச்சுப் பயிற்சிக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. இருந்தும், ஏசி போட்ட வகுப்பறையில் அமைதியாக எடுக்கிற பாடம் ஒன்று, மூன்று ஆம்புலன்ஸ் ஒரே நேரத்தில் வந்து நிற்கிற ராத்திரி ஒன்று. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி முறை ஒன்றை எல்லா வொர்க்‌ஷாப்பிலும் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் அது 2000-ல் புற்றுநோய் மருத்துவர்கள் எழுதியது. அவர்களுக்கு நோயாளியை முன்பே தெரியும். நமக்கு அந்த வீட்டாரை ஒரு மணி நேரம் முன்புதான் தெரியும், பெயர்கூடச் சரியாகக் கேட்டிருக்க மாட்டோம்.

நான் நடத்துகிற முறையைச் சொல்கிறேன். மாதம் ஒரு தடவை, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், அரை மணி. சொந்தக்காரராக நடிப்பவர் டாக்டராக இருக்கவே கூடாது. டாக்டர் நடித்தால் பாதியில் பாவம் பார்த்துவிடுவார். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வருவார். ஒருநாள், மேலே தேவகோட்டைக்காரர் கேட்டாரே, அதே போன்ற அலர்ஜிக் கதையைக் கொடுத்தேன். பயிற்சி டாக்டர் ஒரு பையன், நின்றுகொண்டே ஆரம்பித்தான்: "அம்மா, அன்ஃபார்ச்சுனேட்லி மருந்து கொஞ்சம் ஒத்துக்கலைங்க..."

டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஒத்துக்கலைன்னா? எங்க வீட்டுக்காரர் உடம்புதான் தப்பா? நாங்க வந்தப்பவே சொன்னோமுல்ல?"

பையனுக்குப் பேச்சு வரவில்லை. கையிலிருந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினான். நாங்கள் யாரும் உதவவில்லை. நிறுத்தச் சொல்லி, உட்காரச் சொல்லி, அதே முதல் வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னேன். நான்காவது தடவைதான் வந்தது: "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுன்னு நீங்க சொன்ன ஊசியை நாங்க போட்டுட்டோம். தப்பு எங்களோடது. இப்ப மூச்சு சீராயிருக்கு, ராத்திரி முழுக்கப் பக்கத்துல இருந்து பார்ப்போம்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். டீச்சரும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. டாக்டர்களுக்கு அந்த இடத்தில் தொண்டை அரிக்கும், சோடியம் பொட்டாசியம் என்று எதையாவது பேசி நிரப்பப் பார்ப்பார்கள். மனதுக்குள் பத்து எண்ணச் சொல்வேன்.

விதி இரண்டுதான். முதல் வாக்கியத்தில் "நாங்க" இருக்க வேண்டும். இங்கிலீஷ் சொல் கூடாது. "காம்ப்ளிகேஷன்" என்று சொன்னால் டீச்சர் எழுந்து போய்விடலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறேன். இருமுறை போயிருக்கிறார்.

கல்லல் பக்கத்திலிருந்து: மனைவிக்கு விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி. காஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். காலையில் கண் இமை தூக்க முடியவில்லை. கட்டுவிரியன் கடி என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள். முதலில் பார்த்த டாக்டர் போனைக்கூட எடுக்கவில்லை. இது தவறா, இல்லை எங்கள் நேரமா?

ஐயா, இதே தவறை நான் செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கண்மாய்க்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மாவை விடிகாலை நாலு மணிக்குக் கூட்டி வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், இளக்கமாக இருந்தது. அல்சர் ஊசி, வலிக்கு ஊசி, ஒரு மணி நேரத்தில் வீடு. எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது கண் பாதி மூடியிருந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை. இரத்தம் உறைகிறதா என்று இருபது நிமிடம் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள், உறைந்திருந்தது. விஷம் இல்லை என்று இன்னும் அரை மணி போனது. கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, அந்தச் சோதனையில் சிக்காது. பிறகு விஷமுறிவு மருந்து, வென்டிலேட்டரில் நான்கு நாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லப் போனேன். "கட்டுவிரியன் கடிச்சா ஆரம்பத்துல தெரியாதுங்க, பல்தடம்கூட இருக்காது" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே கேட்டார்: "தரையில பாய் போட்டுத்தான் படுத்திருந்துச்சு. நீங்க கேட்கலையே சார்?"

கேட்கவில்லை. ராத்திரி தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்தால், எங்கே படுத்திருந்தீர்கள் என்று கேட்டு, மேலே பார்க்கச் சொல்லி இமை தொங்குகிறதா என்று கவனிப்பது பாடத்தில் உள்ளது. நோய் ஒளிந்துகொண்டது நிஜம். நான் தேடவில்லை என்பதும் நிஜம். வீட்டாரிடம் சொல்லும்போது நம்முடையதை முதலில் சொல்ல வேண்டும், நோயின் தந்திரத்தை அப்புறம். நான் தலைகீழாகச் சொன்னேன்.

உங்களைப் பார்த்த டாக்டர் கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டும் தெரியாமல் போயிருந்தால் அது நோயின் இயல்பு. கேட்காமல் விட்டிருந்தால் தவறு. போனை எடுக்காதது இரண்டிலும் தவறு. "நேரம்", "தலையெழுத்து" என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். பல டாக்டர்கள் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறார்கள், அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இனி சொல்லாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு பள்ளத்தூர்க்காரர்: ஆத்தா வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். என்னிடம் மட்டும் சொல்லுங்கள், ஆத்தாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். டாக்டர் ஆத்தாவிடமே சொல்லிவிட்டார்.

நல்லது செய்தார். உடைந்தது ஆத்தாவின் எலும்பு. நினைவு தெளிவாக இருக்கிறவரிடம் மறைக்கச் சொல்ல மகனுக்கும் உரிமை இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருந்து, முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு மூன்றையும் பூட்டித் திறந்து சமாளிக்கிற ஆச்சிகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டியானவர்கள்.

விலகாத முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. கால் ஊன்ற முடியவில்லை என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: வராந்தாவில் நின்றுகொண்டு, யாரோ நீட்டிய போனின் ஸ்பீக்கரில் வெளிநாட்டு மகனிடம் தவறைச் சொல்லாதீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கூட முகப்பில் நின்று பேசிவிட்டுத் திரும்புவதில்லை, உள்ளே வந்து உட்காருவார்.

காரைக்குடி, மருத்துவமனைக் கணக்கர்: கேஸ் ஷீட்டில் தவறாக எழுதியதை வெள்ளை மை பூசித் திருத்துகிறார்கள். சரியா?

கணக்கப்பிள்ளை பரம்பரை ஊரில் இருந்து இதைக் கேட்கிறீர்களே! என் தாத்தா கடைப் பேரேட்டில் தவறிய தொகையை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போடுவார். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டுக்கும் அதேதான், தேதியும் நேரமும் சேர்த்து. வெள்ளை மை பூசிய ஷீட்டை நீதிமன்றத்தில் யாராலும் காப்பாற்ற முடியாது.

திருப்பத்தூர், நர்ஸ்: குழந்தைக்குப் போட வேண்டிய மருந்தைப் பத்து மடங்கு அளவு சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். சிரிஞ்சைப் பார்த்து இன்னொரு சிஸ்டர் தடுத்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா?

ஊசி உள்ளே போகவில்லை என்பதால் பெற்றோரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஆனால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் கொடுங்கள். தசமப் புள்ளி தவறுவது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. அடுத்தவருக்கு நடப்பதற்குள், எடைக்கேற்ற அளவைப் பெரிய எழுத்தில் ட்ராலியில் ஒட்டவும், குழந்தை ஊசி என்றால் இருவர் பார்க்கவும் அந்தக் காகிதம்தான் வழி செய்யும்.

தூக்கம் வராததற்கு ஒரு பெயர் உண்டு. ஆல்பர்ட் வூ என்ற டாக்டர் 2000-ல் தவறு செய்த மருத்துவரை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்றார். உறவினரை இழந்த குடும்பங்கள் சில அந்தப் பெயரை ஏற்கவில்லை, அவர்கள் கோபமும் எனக்குப் புரிகிறது. பெயர் எதுவானாலும், தடுத்த அந்த சிஸ்டரோடு ஒரு டீ குடித்துக்கொண்டு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை சொல்லிவிடுங்கள். அடுத்த நைட் டூட்டியை அவரோடு சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.