பள்ளி வாசலில் சாலையைக் கடப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: பிள்ளை வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அவற்றில் பலருக்கும் பொருந்துகிறவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பள்ளி முன்னால் ஜீப்ரா கோடு போட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வண்டிகூட நிற்பதில்லை. கோடு போட்டு என்ன பயன்?

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் நடந்து கடப்பவருக்கு ஓட்டுநர் வழிவிட்டே ஆக வேண்டும். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வேகமாக வரும் வண்டி, ஓட்டுநர் நினைத்தாலும் அங்கே நிற்காது.

நம் சாலை வடிவமைப்புக்கு அடிப்படையான இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) கணக்கைப் பாருங்கள். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டி முழுமையாக நிற்க 60 கி.மீ. வேகத்தில் 80 மீட்டர் வேண்டும். 50 கி.மீ.க்கு 60 மீட்டர், 40-க்கு 45 மீட்டர், 30-க்கு 30 மீட்டர். சாலையோரம் வரிசையாகக் கார்கள் நின்றால், அவற்றுக்கு இடையிலிருந்து வரும் 110 சென்டிமீட்டர் உயரக் குழந்தை, வண்டி மிக அருகே வரும்வரை ஓட்டுநர் கண்ணில் படாது. அதற்குப் பிறகு பிரேக் பிடிப்பதில் பெரிய பயன் இல்லை.

எனவே கோட்டோடு சேர்த்து இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, வண்டி கோட்டை நெருங்கும்போதே 30 கி.மீ.க்கு இறங்கியிருக்க வேண்டும்; பலகையால் அது நடக்காது, சாலையின் வடிவத்தால்தான் நடக்கும். இன்னொன்று, கோட்டுக்கு இரு பக்கமும் குறைந்தது 10 மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்கக் கூடாது. தள்ளுவண்டி, ஐஸ் வண்டி, குப்பைத் தொட்டி, பிளக்ஸ் பேனர் எல்லாம் இதில் சேர்த்தி. "நோ பார்க்கிங்" பலகை வைத்தால் அதற்குக் கீழேயே நிறுத்துவார்கள். அந்த 10 மீட்டருக்கு நடைமேடையைச் சாலைக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் நீட்டிக் கட்டிவிட்டால் நிறுத்த இடமே இருக்காது. பிள்ளை நிற்கும் இடம் முன்னால் வருவதால் ஓட்டுநருக்கும் தெரியும், கடக்க வேண்டிய தூரமும் குறையும்.

கோட்டைப் பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே போட்டிருந்தால் அதையும் மாற்றக் கேளுங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வருகிற வேகத்தில் நேராகச் சாலையில் இறங்கிவிடுவார்கள். கேட்டுக்கு முன்னால் இடுப்பளவுக் கம்பித் தடுப்பு, அங்கிருந்து 10-15 மீட்டர் தள்ளிக் கோடு என்று இருந்தால் அந்த ஓட்டம் நடையாகிவிடும். அதைவிடத் தூரமாகப் போட்டால் யாரும் சுற்றிப் போக மாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து பள்ளி முன்னால் சிமென்ட் வேகத்தடை போட்டோம். இரண்டு பைக் விழுந்துவிட்டன. எப்படிப் போட்டிருக்க வேண்டும்?

முதலில், சாலைக்குச் சொந்தமான துறையின் அனுமதி இல்லாமல் வேகத்தடை போடக் கூடாது. யாராவது விழுந்து இறந்தால் பொறுப்பு போட்டவர்கள் தலையில் வரும்.

நம் ஊர்களில் போடுவது பெரும்பாலும் இரண்டடி அகலம், அரையடி உயரம் கொண்ட வரப்பு. மெதுவாக வருகிற சைக்கிளையும் ஸ்கூட்டியையும் அது தூக்கி எறியும்; வேகமாக வருகிற கனரக வண்டி குலுங்கிவிட்டுப் போய்விடும். ஐ.ஆர்.சி. அளவு இதற்கு நேர்மாறானது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். அதாவது 12 அடி நீளத்தில் 4 அங்குலம்தான் ஏறி இறங்க வேண்டும். இதைச் சுமார் 25 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் தாண்டலாம். அதைவிட வேகமாக வந்தால்தான் தூக்கிப் போடும். பஸ்கள் அதிகம் போகும் சாலையில் இரு பக்கமும் ஒன்றரை மீட்டருக்கு 1:20 சரிவு (20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் கணக்கு) சேர்ப்பார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை, இரவில் ஒளிரும் ஸ்டட், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை மூன்றும் கட்டாயம். உங்கள் ஊரில் பைக் விழுந்ததற்கு உயரம் ஒரு காரணம் என்றால், இரவில் வேகத்தடை தெரியாதது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

ஓரத்தில் ஓர் அடி இடைவெளி விட்டால் பைக்குகள் எல்லாம் அந்த இடுக்கில் நுழையும். பிள்ளைகள் நடப்பதும் அங்கேதான். முழு அகலத்துக்கும் போட வேண்டும்.

பள்ளிக்கு இதைவிட நல்லது மேடைக் கடவை. வேகத்தடையின் மேலேயே ஜீப்ரா கோடு போட்டது போன்ற அமைப்பு இது: 10 சென்டிமீட்டர் உயரத்தில் 3 முதல் 4 மீட்டர் தட்டையான மேற்பரப்பு, இரு பக்கமும் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் சரிவு. பிள்ளை நடைமேடையிலிருந்து இறங்காமல் நேராக நடக்கலாம், ஓட்டுநர் கண்ணுக்கும் உயரமாகத் தெரிவான்.

இதில் கெட்டுப்போவது இரண்டு இடம். சாலையின் நடு உயரம், ஓரம் தாழ்வு என்பதால் மழைத் தண்ணீர் ஓரமாக ஓடும். மேடையை நடைமேடையோடு ஒட்டிக் கட்டினால் அங்கே குளம் கட்டும். குழாய் பதித்தால் ஒரே மழையில் பிளாஸ்டிக் குப்பை அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் ஓர் அடி அகல வாய்க்கால் விட்டு, அதன்மேல் கழற்றக்கூடிய இரும்புக் கிராதி போடுவதுதான் நிற்கும். அடுத்தது, பழைய தாரின் மேல்பரப்பைச் சுரண்டாமல் புதிய கலவையைக் கொட்டுவது. பஸ் பிரேக் பிடிக்கும் இடம் என்பதால் முதல் மழைக்காலத்திலேயே அப்படியே உரிந்துவிடும்.

நான்கே மாதத்தில் கோடு அழிந்துவிட்டது. ஒப்பந்ததாரர் ஏமாற்றிவிட்டாரா?

சாதாரண ரோடு பெயிண்ட் என்றால் அவ்வளவுதான் தாங்கும். பள்ளி முன்னால் சூடாக உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்ட்தான் கேட்க வேண்டும். கனம் 2.5 மில்லிமீட்டர், சூடு ஆறும் முன்பே மேலே சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணிகள் தூவ வேண்டும். இரவில் ஹெட்லைட் பட்டால் கோடு மின்னுவது அந்த மணிகளால்தான்.

7 மீட்டர் அகலச் சாலையில் அரை மீட்டர் பட்டை, அரை மீட்டர் இடைவெளி என்று 3 மீட்டர் நீளத்தில் 7 பட்டைகள் வரும். மொத்தம் 10.5 சதுர மீட்டர். பெயிண்ட் 50 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும், மணிகள் சுமார் இரண்டரை கிலோவும் ஆகும். வேலை நடக்கும்போது இரண்டு மூட்டை மட்டும் வந்து இறங்கினால் மூட்டை எடையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். கோடு போடும் பாதையில் ஒரு தகரத் துண்டை வைத்து எடுத்தால் கனத்தையும் அளந்துவிடலாம். ஈரமான, தூசி படிந்த சாலையில் போட்டால் எவ்வளவு கனமாக இருந்தாலும் பாளம் பாளமாகப் பெயரும். சிமென்ட் சாலை என்றால் முதலில் பிரைமர் அடிக்க வேண்டும்.

புதிதாகத் தார் போட்டபின் கோட்டை மறுபடி போட மறந்துவிடுவது எங்கும் நடக்கிறது. சாலை வேலை தொடங்கும்போதே, கோடும் வேகத்தடையும் அந்த மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நான்கு வழிச் சாலை. நடுவில் சென்டர் மீடியன் இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதிக்கிறார்கள்.

மீடியனை உடைத்து, சாலை மட்டத்தில் நின்று காத்திருக்க இடம் செய்ய வேண்டும். சிறு பிள்ளை நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் என்று வையுங்கள். 7 மீட்டர் கடக்க 7 நொடி, முடிவெடுக்க 2 நொடி, 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி இந்த 9 நொடியில் 125 மீட்டர் வந்துவிடும். 14 மீட்டரை ஒரே மூச்சில் கடக்கச் சொன்னால் 16 நொடிக்கு 220 மீட்டருக்கு மேல் காலியாக வேண்டும், அதுவும் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில். காலை எட்டரை மணிக்கு அது கிடைக்காது.

காத்திருக்கும் இடம் 2 மீட்டர் ஆழம் இருந்தால் சைக்கிளோடு நிற்கலாம். ஒரு மீட்டர் என்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். மீடியனில் அரளி, போகன்வில்லா வைத்திருந்தால் கடவைக்கு முன் 30 மீட்டருக்காவது முழங்கால் உயரத்துக்கு வெட்டி வைக்கச் சொல்லுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் நடைமேம்பாலம் கட்டித் தந்தார்கள். பிள்ளைகள் ஏற மாட்டேன் என்கிறார்கள். திட்டியும் பயனில்லை.

திட்டுவதற்கு முன் படியை எண்ணுங்கள். சாலைக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளி, பாலத்தின் கனம் எல்லாம் சேர்ந்து 6 மீட்டர் உயரம். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏற 40, இறங்க 40. ஏழு எட்டு கிலோ புத்தகப் பையோடு தினமும் இரண்டு முறை. சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு கட்டினால் ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர். மனிதர்கள் ஏற மறுப்பது இயல்பு.

மீடியனில் தாண்ட முடியாத வேலியைப் பாலத்தின் இரு பக்கமும் 100 மீட்டருக்குக் குறையாமல் போட்டால் பயன்பாடு கூடும். இடம் வாய்த்தால் சுரங்க நடைபாதை மேல்; 3 மீட்டர் இறங்கினால் போதும். ஆனால் வடிகாலும் விளக்கும் இல்லாவிட்டால் ஐப்பசியில் அது கிணறாகிவிடும், பெண் பிள்ளைகள் எந்த மாதத்திலும் இறங்க மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போட மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் அதிகம் கடக்கும் இடத்தில் பொத்தான் அழுத்தும் பாதசாரி சிக்னல் கேட்கலாம். அதற்கு முன்னால் அதிர்வுப் பட்டைகள் வேண்டும். அந்தப் பட்டைகள் ஓட்டுநரை உஷார்ப்படுத்தும், அவ்வளவே. வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது. வகுப்பறைச் சுவருக்கு நேரே போட்டால் நாள் முழுக்கத் தடதடவென்று பாடம் கேட்காது.

பஸ் ஸ்டாப் எங்கே இருப்பது நல்லது?

பஸ் வரும் திசையில், கடவையைத் தாண்டி. அப்போது இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரிவார்கள். கடவைக்கு முன்னால் ஸ்டாப் இருந்தால் பிள்ளைகள் பஸ்ஸின் முகப்பை ஒட்டிக் கடப்பார்கள். ஓட்டுநர் இருக்கை உயரத்திலிருந்து அவர்கள் தெரிய மாட்டார்கள், வலப்பக்கம் முந்தி வரும் பைக்குக்கும் தெரிய மாட்டார்கள். பஸ் கிளம்பிப் போன பிறகு கடக்கப் பழக்குங்கள்.

என்.எஸ்.எஸ். மாணவர்களைக் கயிறு பிடித்து வண்டிகளை நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். வண்டியை நிறுத்துவது போக்குவரத்துக் காவலரின் வேலை, அல்லது காவல்துறை பயிற்சி தந்த பெரியவரின் வேலை. மாணவர்கள் நடைமேடையில் நின்று கூட்டத்தைக் கயிற்றால் தடுத்து வைத்து, கூட்டமாக அனுப்ப உதவலாம். அவர்கள் கால் சாலையில் படக் கூடாது.

யாரிடம் மனு கொடுப்பது? நகராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டுகிறது, அவர்கள் நகராட்சியைக் கைகாட்டுகிறார்கள்.

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைக்கும் மாவட்டச் சாலைகளுக்கும் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர். ஊருக்குள் இருக்கும் தெருக்களுக்கு மாநகராட்சி, நகராட்சி ஆணையர். ஊராட்சி ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரு பிரதியை ஆட்சியருக்குக் கொடுங்கள், ஏனென்றால் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்தான். காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், பொறியாளர் எல்லாரும் அங்கே ஒரே மேசையில் உட்காருவார்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நேரில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும். கிராமம் என்றால் கிராம சபைத் தீர்மானமும்.

மனுவில் "வேகமாகப் போகிறார்கள்" என்று எழுதாதீர்கள். எண்ணாக எழுதுங்கள். சாலையோரம் 50 மீட்டர் அளந்து இரண்டு சுண்ணாம்புக் குறி போடுங்கள். பக்கவாட்டில் நின்று செல்போனில் வீடியோ எடுத்து, ஒவ்வொரு வண்டியும் குறிகளுக்கிடையே எத்தனை நொடி எடுத்தது என்று பாருங்கள். 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் வேகம்: 6 நொடி என்றால் 30 கி.மீ., 4.5 என்றால் 40, 3 என்றால் 60. ஐம்பது வண்டிகளை இப்படி எடுத்து, கூடவே காலை அரை மணி நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று ஒரு கை வரைபடம் இணையுங்கள். பொறியாளருக்கு மதிப்பீடு தயாரிக்க இதுதான் தேவை.

சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதித்த தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மனுவின் கடைசி வரியில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் ரசீது எண்ணோடு முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்யுங்கள்.

எத்தனை வயதில் பிள்ளையைத் தனியாகக் கடக்க விடலாம்?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்க வராது. பிறகும் ஒரு மாதம் பின்னால் நடந்து பாருங்கள்: ஓரத்தில் நிற்கிறானா, வலம், இடம், மறுபடி வலம் பார்க்கிறானா, ஓடாமல் நடக்கிறானா என்று. நடைமேடை இல்லாத சாலையில் வண்டிகளை எதிர்நோக்கி வலது ஓரமாக நடக்கப் பழக்குங்கள். ஆட்டோவிலோ காரிலோ விடுகிறவர்கள் பள்ளி இருக்கும் பக்கத்திலேயே நிறுத்தி இடப்புறமாக இறக்குங்கள். எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு "ஓடு, மணி அடிச்சிடும்" என்று சொல்லாதீர்கள்.

முன்னாள் மாணவர்கள் சோலார் பிளிங்கர் விளக்கு வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

நாள் முழுக்க மினுக்கும் விளக்கை ஒரே வாரத்தில் யாரும் கவனிக்காமல் போவார்கள். பள்ளி நேரத்தில் மட்டும் மினுக்கும் டைமர் உள்ளதாக இருக்கட்டும். முதலில் கெடுவது பேட்டரி என்பதால் பராமரிப்பு யார் என்று துறையோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதே பணத்தில் தெருவிளக்கு கேட்க முடிந்தால் நான் அதைத்தான் சொல்வேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறார்கள். கம்பத்தைக் கடவைக்கு நேர் மேலே நட வேண்டாம். வண்டி வரும் பக்கத்தில் மூன்று நான்கு மீட்டர் முன்னதாக நட்டால்தான் பிள்ளையின் முன்புறம் வெளிச்சம் விழும். பின்னால் நட்டால் ஓட்டுநருக்கு நிழல் மட்டுமே தெரியும். இருவழிச் சாலைக்கு இரண்டு கம்பம் வேண்டும்.