குண்டிக்காய் குழைந்திருந்தால் துள்ளுமாரிதானா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், கவுஞ்சிப் பக்கம் 40 செம்மறி வைத்திருக்கிறேன். கொழுத்த குட்டி ஒன்று விடியற்காலையில் பட்டியில் செத்துக் கிடந்தது. மதியம் அறுத்துப் பார்த்தால் குண்டிக்காய் (சிறுநீரகம்) களி மாதிரி குழைந்து, குடலும் நைந்து போயிருந்தது. துள்ளுமாரி என்கிறார்கள். இந்தப் பனியில் அதற்குள் அழுகுமா?

பதில்: குடல் கிருமியின் நஞ்சால் ஆடு திடீரென்று சாகும் நோயான துள்ளுமாரியாக இருக்கலாம். ஆனால் மதியம் பார்த்த குண்டிக்காயை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் உடம்பு தன்னைத்தானே கரைத்துக்கொண்ட அடையாளம்.

உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்ற சின்னச் சின்னப் பைகள் உண்டு. பழசாகிப்போனதைக் கரைக்கும் நொதிகள் அவற்றில் அடைபட்டுக் கிடக்கும். இதயம் நின்றால் ஆக்ஸிஜன் வராது, செல்லில் அமிலம் சேரும், சவ்வுகள் தளரும், பை கிழியும். வெளியே வந்த நொதி செல்லையே கரைக்கத் தொடங்கிவிடும். இதற்குக் கிருமியே தேவையில்லை. அழுகல் என்பது குடல் கிருமிகள் பரவிய பிறகு நடப்பது. செரிமான நொதி நிறைந்த கணையமும் குடலின் உள்தோலும் முதலில் போகும், குண்டிக்காயும் சீக்கிரமே குழையும். தோலும் எலும்பும் வெகுநாள் தாங்கும். கறியைத் தொங்கவிட்டால் மிருதுவாவதும் இதே மாதிரி, கறியின் சொந்த நொதிகள் செய்யும் வேலைதான்.

சரி, பனிக்குளிர் என்ன ஆச்சு? ஒரு மார்கழிக் காலையில் செத்த செம்மறி ஒன்றைப் பார்க்கப் போனேன். ரோமத்தின் நுனியில் வெள்ளையாக உறைபனி. விரல்களை உள்ளே விட்டேன், தோல் இளஞ்சூடாக இருந்தது. கம்பளி சூட்டை வெளியே விடாது. பெருவயிற்றில் மேய்ந்த புல் செத்த பிறகும் நொதித்துச் சூடு கிளப்பும். ஆட்டின் உடல்சூடு 39 டிகிரி. அந்தச் சூட்டில் நொதிகள் வேகமாக வேலை செய்யும். வெளியே உறைபனி, உள்ளே அடுப்பு.

துள்ளுமாரியிலும் குண்டிக்காய் குழையும், அதுவும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக. அதனால் செத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அறுத்துப் பார்த்தால்தான் அந்தக் குழைவுக்கு ஏதாவது அர்த்தம் உண்டு. அதைவிட, இதயத்தைச் சுற்றிய பையில் வைக்கோல் நிற நீர் சேர்ந்து காற்றுப் பட்டதும் உறைகிறதா, மூத்திரத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது நல்ல தடயம். மழைக்குப் பிறகு இளம்புல்லில் திடீரென்று விட்டிருந்தாலோ, தானியம் கூடுதலாகத் தின்றிருந்தாலோ அவரிடம் அதையும் சொல்லுங்கள்.

இனி ஒன்று செத்தால் பார்த்தவுடன் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சாக்கு போட்டு மூடாமல் நிழலில், ஈரத்தரையில் கிடத்துங்கள். மிச்சமுள்ள ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி பற்றி இப்போதே கேளுங்கள். முதல் தடவை போடுவதென்றால் 2, 3 வாரம் கழித்து இன்னொரு ஊசி, அப்புறம் வருடம் ஒருமுறை மழைக்காலத்துக்கு முன்னால்.

மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வந்திருந்தால் மட்டும் கத்தியே வைக்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அறுப்பவருக்கும் தொற்றும். மருத்துவர் வரும் வரை நாய்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.